அக்கா சொன்ன படிப்பு

அக்கா இன்றைக்கும் விடாமல் கூடவே வந்துவிட்டாள். கல்லூரி வராந்தாவில் போட்டிருந்த நாலு நாற்காலிகளில் அப்பா, அம்மா, சின்னது மூவரும் உட்கார, நாலாவதில் அவள் உட்கார்ந்துகொண்டாள். முகத்தில் மாஸ்க். அதற்கு மேலே தெரிந்த கண்களில் தங்கையை எரித்துவிடுகிற கோபம்.

“அக்கா முறைக்கிறாம்மா,” என்றாள் சின்னது மெதுவாக. வீட்டில் இளையவளுக்கு அதுதான் பெயர்.

“முறைக்காம கொஞ்சுவாளா? நீ பண்ற அழும்பு அப்படி. ஆடிட்டர் ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறியே, அவ மனசை நெனச்சுப் பார்த்தியா?”

“எனக்குக் கணக்குதாம்மா வரும். இங்க வந்து கேமராவை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

“உஷ்! உள்ள கேக்கப் போவுது.”

கையில் பெரிய ஃபைலுடன் இன்னொரு மாணவனின் அப்பா வந்தார். நாலாவது நாற்காலியைக் காட்டி, “இங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார்.

“இல்ல சார், காலிதான். உக்காருங்க,” என்றார் அப்பா.

வந்தவர் அக்கா மேலேயே உட்கார்ந்தார். சின்னது கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். திறந்தபோது அக்கா எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“பொண்ணுக்கு விஸ்காமா? நம்ம வீட்லயும் அதே கூத்துதான். கேமரா, டிசைன், அனிமேஷன்னு சோறு தண்ணி இல்லாம அலையறான்,” என்றார் புதியவர்.

“எங்க வீட்ல இது பெரியவளோட ஆசை சார்.” அப்பாவுக்கு இதைச் சொல்ல ஆள் கிடைத்தால் போதும். “ப்ளஸ் டூ முடிச்ச கையோட நிமோனியா. ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டுப் படுத்திருந்தா. ‘எல்லாம் சரியாயிடும்டா, என்ன படிக்கப் போறே சொல்லு, அப்பா சேத்து விடறேன்’னேன். மாஸ்க்குக்குள்ளயே முனகினா. காதைக் கிட்ட வச்சுக் கேட்டேன். விஸ்காம்னு சொன்னா. அதுதான் சார் எம் பொண்ணு பேசின கடைசிப் பேச்சு.”

புதியவர் ஃபைலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“போட்டோ ஸ்டுடியோக்காரன் பொண்ணில்லையா, ரத்தத்துல இருந்திருக்கு,” என்றார் அப்பா.

“ஒரு பூ கூட வரைஞ்சு நாங்க பார்த்ததில்லீங்க. எல்லாத்தையும் மனசுக்குள்ளயே பூட்டி வச்சிருந்திருக்கா பாவி மக,” என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

விண்ணப்பம் வாங்கிய நாளிலிருந்துதான் அக்கா வர ஆரம்பித்தாள். பல் தேய்த்தால் கண்ணாடியில், பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில். மாஸ்க்குக்குள் வாய் அசையும், உள்ளே ஆவி படரும், சத்தம் மட்டும் வராது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மாட்டிய மாஸ்க் இன்னும் கழன்றபாடில்லை.

பயந்துபோய் அம்மாவிடம் சொன்னதுதான் சின்னது செய்த தப்பு. “ஆசை தீராத உசிரு அலையாம என்ன செய்யும்? நீயாவது அவளை நிம்மதியா அனுப்பி வையேண்டி!” என்று அம்மா அழுத அழுகைக்கு முன்னால் ஆடிட்டராவது, மண்ணாவது!

உள்ளேயிருந்து கூப்பிட, மூவரும் போனார்கள். துறைத் தலைவி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் சின்னதின் பக்கம் தள்ளினார்.

“கேள்வியெல்லாம் வேணாம். எதிர்ல என்ன தெரியுதோ, அதை அப்படியே வரை, பார்ப்போம்.”

எதிரில், துறைத் தலைவியின் நாற்காலிக்குப் பின்னால், அக்கா நின்றிருந்தாள். வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அவளையே வரைந்து கொடுத்தாள்.

“என்னை வரைவேன்னு பார்த்தா, யாரையோ வரைஞ்சிருக்கே! கோடெல்லாம் கோணல்தான். ஆனா அந்தக் கண்ணு இருக்கே, யப்பா! யாரும்மா இது? என்னவோ சொல்லத் தவிக்கிற மாதிரி இருக்கு.”

அப்பா எட்டிப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்க பெரியவ மேடம்,” என்றார் அப்பா.

துறைத் தலைவி படத்தை விண்ணப்பத்தோடு சேர்த்து வைத்தார். “சீட் தர்றேன். ஆனா ஒண்ணு உன் வாயால சொல்லணும். அப்பாவுக்காக, அம்மாவுக்காகன்னு வந்து சேர்றவங்க பாதியிலயே ஓடிடறாங்க. நிஜமா உனக்கு இதுல இஷ்டமா?”

சின்னது அப்பாவைப் பார்த்தாள். பெரியவள் போனதிலிருந்து சிரிப்பையே மறந்திருந்த மனுஷன், இப்போது பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். போகட்டும், அக்கா நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வந்த அழுகையை விழுங்கிக்கொண்டாள்.

“இஷ்டம்தான் மேடம்.”

அப்பா கைகூப்பினார். அம்மா மகளைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். இத்தோடு அக்கா போய்விடுவாள் என்று நம்பி, சின்னது மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

அக்கா போகவில்லை. தலையில் மடேரென்று அடித்துக்கொண்டாள். மேசையைச் சுற்றி வந்து, தங்கையின் முகத்துக்கு நேரே குனிந்து, அந்த மாஸ்க்கை முதல் தடவையாகப் பிய்த்து எறிந்தாள்.

“அடியே, நான் சொன்னது பி.காம்!”