நீலப் போர்டு சொன்னது

ஜெசிந்தா இருபத்தைந்து மீனவ ஊர்களுக்கு அலையின் உயரத்தை அளந்து சொல்லும் கருவி செய்துகொண்டிருந்தாள். அதற்குள் வைக்க உள்ளங்கை அளவுக் கணினியான ஒரு லினக்ஸ் போர்டு வேண்டும். நீலப் போர்டு ஒன்றையும் பச்சைப் போர்டு ஒன்றையும் மேசையில் வைத்துச் சோதித்தாள்.

நீலம் எட்டு நொடியில் விழித்துக்கொண்டது. பச்சைக்கு நாற்பது நொடி ஆனது. கணக்குப் போடுவதிலும் நீலமே முந்தியது. ஜெசிந்தா நீலத்துக்கு ஆர்டர் எழுத உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்றது நீலம். "அடுத்த வருஷத்தோட எங்களைச் செய்யறதை நிறுத்துறாங்க. உப்புக்காத்துல ஒண்ணு கெட்டுப்போனா, மாத்திப் போட வேற கிடைக்காது."

பச்சைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இதை ஏன் சொன்னே? அக்காவுக்குத் தெரிஞ்சிருக்காதே."

"கருவி பேசாம இருந்தா, பெரிய அலை இல்லைன்னு நினைச்சு மீனவங்க படகை எடுத்துருவாங்க" என்றது நீலம்.

ஜெசிந்தா பேனாவைக் கீழே வைத்தாள். "உன்னை எத்தனை வருஷம் செய்வாங்க?" என்று பச்சையைக் கேட்டாள்.

"பத்து வருஷம்னு எழுதியே கொடுத்திருக்காங்க. ஆனா நான் மெதுவாத்தான் வேலை செய்வேன்."

"பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை அளந்தாப் போதும். அதுக்கு நீ தாராளம்."

இருபத்தைந்து பச்சைப் போர்டுகளுக்கு ஆர்டர் போனது. ஜெசிந்தா நீலத்தைத் துடைத்து, அது வந்த உறையிலேயே மெல்ல நுழைத்தாள்.

"வருத்தமா இருக்கா?" என்று பச்சை கேட்டது.

"இருக்கு" என்றது நீலம். "நீங்கெல்லாம் சீக்கிரம் கிளம்புங்க. அடுத்த வாரம் மீன்பிடித் தடை முடிஞ்சு படகெல்லாம் கடலுக்குப் போகுது."