சுத்துற சேர்

2024 ஜூலை 9, காலை பத்தரை மணி. கோவை கணபதியில், வாகனக் கடன் தகராறு ஒன்றில் நடுவர் தந்த தீர்ப்பை நிறைவேற்ற, நீதிமன்ற ஆமீன் செங்கோடன் ஜப்தி உத்தரவோடு வந்தார். வாசலில் இருதயம்மாள் காத்திருந்தார். தவணை பாக்கி என்று அவருடைய ஆட்டோவை ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிப்போய் எட்டு மாதமாகியிருந்தது.

உள்ளே போனதும் ஆமீன் கேட்டார். "ஏ.சி.யை எழுதட்டுங்களா, அம்மணி?"

"எழுதுங்க. அந்தச் சுத்துற சேரையும் உட்றாதீங்க."

"ஜப்தியில சிரிக்கிற ஆளை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

"ஆட்டோ போனன்னைக்கே அழுது முடிச்சுட்டனுங்க."

சேரிலிருந்து துள்ளி எழுந்தார் ஃபைனான்ஸ் மேலாளர் அருள்குமார். "ஏனுங்கம்மா, எங்க ஆபீஸுக்கே ஆமீனைக் கூட்டிட்டு வந்துட்டீங்களே! ஆட்டோவை இப்பவே தந்தர்றமுங்க."

நடுவர் அந்த நிறுவனத்துக்குச் சொல்லியிருந்ததும் அதைத்தான். மதியம் இருதயம்மாள் ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.