சூரியன் திருப்பிவிடும் கல்

சில நூறு மீட்டர் நீளமுள்ள கல்லுக்கு எது தலை, எது வால் என்று சூரியன் பார்த்துக்கொண்டா இருக்கும் என்று கேட்டார் திருவேங்கடம்.

லேப்டாப் திரையில் இருந்த முகங்களில் அவருடையதுதான் கடுகடுவென்றிருந்தது. இஃபத்தின் முனைவர் பட்டத்துக்கு அவர்தான் வெளித்தேர்வாளர். அவர் சம்மதிக்காவிட்டால் பட்டம் கிடையாது. பதிவுக்காலமும் இன்றோடு முடிகிறது.

இஃபத் மைக்கை அணைத்துவிட்டு, பூந்தமல்லியில் தன் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பதற்றப்படாதீங்கம்மா. நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் திருவேங்கடம்.

அந்த இரக்கம் அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மைக்கைப் போட்டு, வெளியே மெட்ரோ வேலை, ஒரே சத்தம் என்று சமாளித்தாள்.

பிறகு கதவோரம் நின்ற அம்மா ஃபக்ருன்னிசாவைப் பார்த்து, நீளமாக ஏதாவது கொடு என்று சைகை காட்டினாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, குழம்புக்கு வைத்திருந்த முருங்கைக்காயைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

இஃபத் அதைக் கேமரா முன் பிடித்தாள். வேறொரு விண்மீனிடமிருந்து வரும் கல் இதுதான் சார் என்றாள். சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் முனையை ஈர்ப்பு கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், தள்ளி இருக்கும் முனையைக் கொஞ்சம் குறைவாக. கல் வேகமாகச் சுழன்றால் அந்த வித்தியாசம் சுற்றுக்குச் சுற்று சரியாகிவிடும். அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் மிக மெதுவாகச் சுழலும் கல், சூரியனை ஒட்டிக் கடந்தால்?

முருங்கைக்காயைச் சாய்த்து மெல்லத் திருப்பினாள். போகும் பாதை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். சுழற்சிதான் மாறும். நெருங்கும்போது எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, எதிர்ப்பக்கமாகக்கூடத் திரும்பிவிடும்.



திருவேங்கடம் ஆய்வேட்டை மறுபடி புரட்டினார். அதற்குள் அவள் இன்னொரு முறை மைக்கை அணைத்துப் போட்டாள். கடைசியில் அவர் சிரித்தேவிட்டார்.

"அசந்துட்டேன். வாழ்த்துகள், டாக்டர் இஃபத்."

நன்றி சொல்லி லேப்டாப்பை மூடிய பிறகுதான் வாய்விட்டுக் கத்தினாள். தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"பனிக்கொடம் ஒடஞ்சதுலருந்து கெளம்பு கெளம்புன்னு சொல்லிகினே கீறேன்" என்று அம்மா ஓடிவந்து தோளைத் தாங்கினாள். "ஆட்டோ வாசல்லியே நின்னுகினு கீது."

இஃபத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. அவ்வளவு சந்தோஷம்.

"ஆஸ்பத்திரி சீட்டுல டாக்டர் இஃபத்துன்னே எழுதச் சொல்லும்மா."