குடிக்காதவருக்கு ஒரு படுக்கை

"குடிப்பேன்னு சொன்னா மட்டும் போதாதுங்க. எவ்வளவுன்னு கேட்டா திருதிருன்னு முழிக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"ம்" என்றார் பெயிண்டர்.

போதை மீட்பு மையத்தின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து புருஷனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. மடியில் அரசாங்கக் காப்பீட்டு அட்டை. குடியை நிறுத்தும் வைத்தியமும் இப்போது அந்த அட்டையில் அடக்கம். படுக்கை, மருந்து, சாப்பாடு எல்லாம் இலவசம்.

குடிக்காத மனுஷனுக்கு அது எதற்கு என்று கேட்கிறீர்களா? காரணம் மாடியில் இருக்கிறது. மாடியில் ஓரகத்தி குடித்தனம். அவள் புருஷன், அதாவது பெயிண்டரின் தம்பி, ஊரறிந்த குடிகாரர். படிக்கட்டிலேயே விழுந்து கிடந்தவர், இதே மையத்தில் படுத்து எழுந்ததிலிருந்து ஆளே மாறிப்போனார். துணி காயப்போடுகிறார். பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் தைலம் தேய்க்கிறார். ஓயாமல் பேசுகிறார். நேற்று மாடியிலிருந்து வந்த சிரிப்பைக் கேட்டுக் கேட்டே தையல்காரி ஒரு சட்டையின் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டாள்.

போதாக்குறைக்கு அந்த மகராசி இறங்கி வந்து பீற்றிக்கொண்டாள். "பொண்டாட்டிகிட்ட எப்படிப் பேசணும்னுகூட அங்க சொல்லிக்கொடுக்கறாங்கக்கா. உங்களுக்கு அதெல்லாம் எதுக்கு? உங்க வீட்டுக்காரர் தங்கமாச்சே!"

தங்கம்தான். பெயிண்ட் வாசனை தவிர வேறு வாசனை அவர்மேல் வந்ததில்லை. ஆனால் தங்கம் வாயைத் திறந்து பேசினால்தானே? சம்பளத்தைக் கொடுப்பார், சாப்பிடுவார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். வருஷக்கணக்காக 'ம்'மும் 'ம்ஹூம்'மும்தான். குடித்துக் கூத்தடித்தவன் பெண்டாட்டிக்குக் கொஞ்சல், ஒழுங்கானவனைக் கட்டிக்கொண்டவளுக்கு முதுகு. இது எந்த ஊர் நியாயம்?

"என்ன கேட்டாலும் சொல்லிடட்டுமா?" அதிசயமாகக் கேட்டார் பெயிண்டர், கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி.

"கேக்காததையும் சேர்த்துச் சொல்லுங்க! உங்க தம்பியைவிட ஒரு படி மேலயே இருக்கட்டும்."

நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அவர் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. ஆனால் நிற்காமல் கேட்டது. முதலில் தையல்காரிக்குப் பெருமை. அப்புறம் பற்றிக்கொண்டு வந்தது. 'படுபாவி! என்கிட்ட ஒரு வார்த்தைக்குப் பஞ்சம். அந்தம்மாகிட்ட மட்டும் மடை திறந்த வெள்ளமா?'

திடீரென்று விசும்பல். 'அடேயப்பா, என்ன நடிப்பு!'

கதவு திறந்தது. டாக்டரம்மா மட்டும் வெளியே வந்தார். "காப்பீட்டுல அனுமதி கிடைச்சிடும்மா. இன்னைக்கே படுக்கை தரலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

பேனாவை வாங்கியவள் நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லிச் சலுகை வாங்கினால் அட்டை ரத்தாகும் என்று எதிர்ச்சுவரில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நாளைக்குக் காய்ச்சல் என்று வந்தால்கூட எங்கே போவது?

"டாக்டரம்மா, மன்னிச்சிடுங்க. அவர் சொன்னதெல்லாம் பொய். அவர் ஒரு சொட்டுகூடத் தொடமாட்டார். மாடி வீட்டுக்காரியைப் பார்த்து வயிறெரிஞ்சு நான்தான் பொய் சொல்லச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"அதையும் சொன்னாரும்மா. ஆனா ரத்தப் பரிசோதனை வேற மாதிரி சொல்லுது. 'அவளுக்குத் தெரியாம எட்டு வருஷமா குடிக்கறேன் டாக்டர். வாயைத் திறந்தா வாடை காட்டிக்கொடுத்துடும்னுதான் அவகிட்ட பேசறதையே விட்டுட்டேன்'னு அழறார்."