பழைய வரிசைப்படி

“எனக்கு ஆறாம் வீடு வேணாம். கடைசி வீட்டக் குடுத்துருங்க” என்றாள் விஜயகலா.

கூடியிருந்த பத்துக் குடும்பமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

சாவி கொடுக்கிற நாள் அது. மண்சரிவில் தேயிலைத் தோட்டத்துப் பழைய லயம், ஒரே சுவரில் ஒட்டிய அந்த வரிசை வீடுகள், போய், இரண்டு வருடம் தகரக் கொட்டகையில் கிடந்த பிறகு, றக்வான ரோட்டோரம் பத்துத் தனி வீடுகள் எழும்பியிருந்தன. சீட்டுக் குலுக்கித்தான் வீடு தருவோம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். இவர்கள் விடவில்லை. லயத்தில் யார் பக்கத்தில் யார் இருந்தார்களோ, அதே வரிசையில்தான் குடியேறுவோம் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். வீடு புதுசானாலும் அக்கம்பக்கம் பழசாகவே இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஆறு மாதம் அதிகாரிகளின் கந்தோர் வாசலில் தவம் கிடந்து வாங்கிய வரிசை.

அதைத்தான் இவள் சாவி வாங்கும் நேரத்தில் உடைக்கப் பார்த்தாள்.

“என்னக்கா பேசுறீங்க?” தோட்டத் தலைவர் அழகமுத்துவுக்குக் குரல் ஏறிவிட்டது. “ஒங்களுக்கும் சேத்துத்தான நாங்க நாயா அலைஞ்சோம்? இன்னிக்கு நீங்க மாறுனா, நாளைக்கு ஊரே மாறும். அப்பறம் வரிச எங்க இருக்கும்?”

“கடைசி வீட்டு அமல்ராஜ் மாத்திக்கிறேன்னு சொல்லிட்டாரு.”

“அவரு சொல்லுவாரு. நீங்க ஏன் மாறணும்? அதச் சொல்லுங்க.”

“இக்மன்ட, இக்மன்ட” என்று கிராமசேவக மாத்தயா கைக்கடிகாரத்தைப் பார்த்து அவசரப்படுத்தினார்.

பதிலைக் கூட்டத்தில் நின்ற மேர்சி சொன்னாள். அடுத்தவர் மனதில் இருப்பதைச் சொல்வதில் அவளுக்கு எப்போதும் அவசரம்.

“இதுல என்ன ஒளிவு மறைவு? ஏழாம் வீடு சுமனுக்கு. பொண்டாட்டிய மண்ணுக்குக் குடுத்துட்டு அஞ்சு வயசுப் புள்ளயோட நிக்கிறான். பக்கத்துல இருந்தா புள்ளயப் பாத்துக்கச் சொல்லுவான்னு பயம். குமாரி உசுரோட இருக்கயில அக்கா தங்கச்சியாட்டம் இருந்தாங்க. இப்ப வேணாமாம்.”

கூட்டத்தில் ‘உச்’ கொட்டினார்கள். ஒருத்தர் காறித் துப்பினார். நியாயந்தானே, யாருக்குத்தான் கோபம் வராது?

சுமன் ஓரமாக நின்றிருந்தான். அவனுடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டு மகள் ஷாமிளா நின்றாள்.

“விடுங்க தலைவர்” என்றான் சுமன். “எங்கள புடிக்காதவங்கள ஏன் வற்புறுத்தணும்?”

அந்த ஒரு சொல் விஜயகலாவைச் சாய்த்துவிட்டது. அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“புடிக்காம இல்ல தம்பி. ஒன் மொகத்தப் பாக்க முடியல. அந்தப் புள்ள மொகத்த நிமிந்தே பாக்க முடியல.”

படியைப் பார்த்தபடியே தொடர்ந்தாள்.

“அன்னிக்கு எங்க ரெண்டு வீடு தவுர எல்லாரும் கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க. எனக்குக் காய்ச்ச. அடுப்படியில இருந்தேன். குமாரி செவுத்துல தட்டுனா. உப்போ தேயிலையோ வேணும்னா அவ செவுத்துலதான தட்டுவா? நானும் எடுத்துட்டுப் போவேன். அன்னிக்குக் காலையில பீலியில தண்ணி புடிக்கையில எங்க ரெண்டு பேருக்கும் பெரிய சண்ட. அந்தப் பேச்சுப் பேசிட்டு இப்ப உப்பு கேக்குறாளான்னு வீம்புக்குப் பேசாம இருந்தேன். விடாம தட்டுனா. தட்டத் தட்ட எனக்குக் கோவம். நீ தட்டிக்கிட்டே கெடன்னு, கொடையக்கூட எடுக்காம மழையில கடைப்பக்கம் எறங்கிட்டேன். பாதி வழி போயிருப்பேன். பின்னால மண்ணு எறங்குற சத்தம் கேட்டுச்சு.”

அவள் சுமனின் பக்கம் திரும்பினாள்.

“உசுருக்குத் தட்டியிருக்கா தம்பி. நான் உப்புக்குன்னு நெனச்சிட்டேன். ரெண்டு வருஷமா இத ஒருத்தருகிட்டயும் சொல்லல. ஒனக்குப் பக்கத்து வீட்டுல நான் எப்புடிச் சோறு திம்பேன்?”

மேர்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காறித் துப்பியவர் தரையைப் பார்த்தார்.

சுமன் வந்து அழகமுத்துவின் கையிலிருந்து ஆறாம் வீட்டுச் சாவியை எடுத்தான். விஜயகலாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உள்ளங்கையைப் பிரித்துச் சாவியை வைத்து மூடினான்.

“நானும் ஒன்னு மறைச்சுட்டேன்க்கா. தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு யாருகிட்டயும் சொல்லல.”

“என்னது?”

“மேட்டுல வெடிப்பப் பாத்ததும் நாங்க மூணு பேரும் வெளிய வந்துட்டோம். குமாரியும்தான். ஒங்க கதவப் போட்டுத் தட்டுனோம். தகரத்துல மழ அடிச்ச அடிக்கு ஒங்களுக்குக் கேக்கல. ‘செவுத்துல தட்டுனாத்தான் அக்காவுக்குக் கேக்கும், நீங்க புள்ளயத் தூக்கிட்டு ஓடுங்க’ன்னு சொல்லிட்டு அவ திரும்ப உள்ள போனா.”

விஜயகலா அவனையே பார்த்தாள்.

“அவ தட்டுனது அவ உசுருக்கு இல்லக்கா. ஒங்கள வெளிய வர வைக்கத்தான். நீங்க வெளிய வந்துட்டீங்க.”