மூணு விரல்

"மாட்ட நீ ஓட்டிட்டு வந்தியா, இல்ல மாடு ஒன்னய ஓட்டிட்டு வந்துச்சாலே?"

தரகர் உடையப்பன் கேட்டதும் சந்தையில் நின்ற பத்துப் பேர் சிரித்தார்கள். சேவுகம்பட்டி ஆண்டிச்சாமி தன் காளையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

மட்டம் தட்டுவது உடையப்பனுக்குத் தொழிலில் பாதி. மாட்டை மட்டம் தட்டினால் விலை இறங்கும். மாட்டுக்காரனைத் தட்டினால் இன்னும் சீக்கிரம் இறங்கும். முப்பது வருஷமாகத் திண்டுக்கல் சந்தைக்கு வந்து, அவர் வாயில் விழாமல் ஊர் திரும்பிய விவசாயி அபூர்வம்.

காளையிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆறு பல், சுத்தமான சுழி, நல்ல நடை. அதனால் ஆளைப் பிடித்துக்கொண்டார். அவன் சட்டையின் ஒட்டு, சீவாத தலை, பதில் சொல்லும்போது வருகிற திக்கல் எல்லாவற்றையும் வரிசையாக ஏலம் போட்டார்.

சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் சுருட்டைச் செருகி, முஷ்டியை மூடி இழுப்பது அவர் ஜம்பம். பேச்சு ருசியில் நெருப்பு விரல்வரைக்கும் இறங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் துண்டுச் சுருட்டை வீசினார்.

வாங்க வந்தவர் நெய்க்காரப்பட்டிப் பண்ணைக்காரர். அவருக்கே பொறுக்கவில்லை. "ஏனுங்க தரகரே, பேசுனது போதுமுங்க. கையைப் போடுங்க" என்றார்.

உடையப்பன் தோள்துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் விரித்தார். ஆண்டிச்சாமி துண்டுக்குள் கையை நுழைத்து அவர் விரல்களைப் பிடித்தான். ஒரு விரலுக்கு ஐம்பது ரூபாய் என்று பேச்சு. வாய் திறக்கக் கூடாது. எத்தனை விரல் பிடிக்கிறானோ அதுதான் அவன் கேட்கும் விலை.

உடையப்பன் துண்டை உதறினார். "மூணு வெரல். நூத்தம்பது. முடிஞ்சது."

பண்ணைக்காரர் உடனே மடியை அவிழ்த்தார். ஆண்டிச்சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இல்லண்ணே. அஞ்சு வெரலையும் சேத்துல்ல புடிச்சேன்?"

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். மாட்டுத் தரகில் இதற்குமேல் ஒரு தகராறு கிடையாது. துண்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி இல்லை. இரண்டில் ஒரு கை பொய்க்கை. அது எந்தக் கை என்று முடிவாகிவிட்டால், அப்புறம் அதைத் துண்டுக்குள் தொட ஆள் வரமாட்டான். ஆண்டிச்சாமிக்கு இருக்கிற ஒரே காளை நூறு ரூபாய் குறைந்து போகும். உடையப்பனுக்குப் பிழைப்பே போகும்.

உடையப்பனுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றிலும் அவன் பிடித்த இறுக்கம் இன்னும் இருந்தது. முப்பது வருஷம் பிசகாத கையை ஒட்டுச் சட்டைக்காரன் ஒருத்தன் பொய்க்கை என்பதா?

பஞ்சாயத்துப் பண்ண மூத்த தரகர் அப்துல் வாஹித் ராவுத்தர் வந்து சேருவதற்குள், உடையப்பன் ஆண்டிச்சாமியின் அப்பன் பாட்டன்வரைக்கும் போய்த் திரும்பிவிட்டார். நயா பைசா வந்ததிலிருந்து இவனுக்கு விரல் எண்ணுவதும் மறந்துபோய்விட்டது என்றார். கூட்டம் அதற்கும் சிரித்தது.

"நீ புடிச்சது அஞ்சுன்னு சத்தியம் பண்ணுவியாப்பா?" என்று ராவுத்தர் கேட்டார்.

"பண்ணுவேன்" என்று ஆண்டிச்சாமி ஓரடி முன்னால் வந்தான். "இந்தக் கையிலடிச்சுப் பண்ணுலே" என்று உடையப்பன் வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஆண்டிச்சாமி அந்தக் கையில் சுருட்டுச் சுட்ட இடத்தைப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். அவன் கண்ணில் பயம் வந்ததை உடையப்பன் கண்டுகொண்டார். பார்க்க நன்றாக இருந்தது.

"நாந்தான் தப்பாப் புடிச்சுட்டேன், ராவுத்தரே" என்றான் ஆண்டிச்சாமி. "அண்ணன் சொன்னது சரி."

பண்ணைக்காரர் நூற்றைம்பதைக் கொடுத்துவிட்டுக் காளையை ஓட்டிக்கொண்டு போனார். இனிமேல் இவன் சந்தைக்கு வந்தால் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு வரட்டும் என்று யாரோ சொல்ல, அதையே சொல்லிச் சொல்லிக் கூட்டம் கலைந்தது.

ஆண்டிச்சாமி மட்டும் போகவில்லை. எல்லோரும் நகர்ந்ததும் பக்கத்தில் வந்தான்.

"செத்த நேரம் துண்டப் போடுங்கண்ணே."

"இன்னும் எத விக்கப் போறே? கோவணத்தையா?" என்று கேட்டபடியே உடையப்பன் துண்டை விரித்தார். ஜெயித்த ஆட்டத்தை இன்னொரு தரம் ஆடிப் பார்ப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்?

ஆண்டிச்சாமி கையை உள்ளே விட்டான். அவன் தோள் இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"எத்தன வெரல்ணே?"

"மொதல்ல புடிலே. சும்மா நின்னா எப்பிடி?"

ஆண்டிச்சாமி துண்டை விலக்கிக் காட்டினான். உடையப்பனின் மோதிர விரலும் சுண்டுவிரலும் அவன் பிடிக்குள் நசுங்கிக்கொண்டிருந்தன. உடையப்பன் அதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

யாராவது கவனிக்கிறார்களா என்று ஆண்டிச்சாமி சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். துண்டை இழுத்து அந்தக் கையை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"என் பொஞ்சாதிக்கும் குஷ்டம் இந்த ரெண்டு வெரல்லதாண்ணே ஆரம்பிச்சுச்சு."