கொள்ளுத்தாத்தாவின் மூக்கு

“ஏரிக்கரையில பெரிய மாளிகை ஒண்ணு இருக்கே, அது எங்க கொள்ளுத்தாத்தா கட்டினதுங்க.”

சம்பந்தம் பேச வந்தவர்களிடம் பேக்கரிக்காரர் இப்படி ஒரு போடு போட்டார். பையனின் அம்மா தன் வீட்டுப் பெருமையை விடாமல் அளந்ததில், தானும் எதையாவது அளக்காவிட்டால் மரியாதை இல்லை என்று தோன்றிவிட்டது. உண்மையில் அவருக்குப் பரம்பரைச் சொத்து என்று வந்தது ஒரு பழைய ரொட்டி அடுப்புதான்.

“அப்படியா! அதைப் புதுப்பிச்சுத் திறந்திருக்காங்களாமே. ஞாயித்துக்கிழமை எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வந்து கல்யாணத் தேதியைப் பேசுவோம்” என்றார் அந்த அம்மா. “ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இல்லாத வீடா இருந்தா பரவாயில்லை. புளுகற வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை, மாளிகை வாசலில் வரிசையில் நிற்கும்போதே பேக்கரிக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது.

“சொந்த வீட்டுக்குள்ள போக டிக்கெட் எடுக்கற முதல் ஆள் நீங்கதான்” என்று காதைக் கடித்தாள் மனைவி.

“சும்மா இருடி.”

“கொள்ளுத்தாத்தா பேராவது தெரியுமா?”

தெரியாது.

கூடத்துக்குள் நுழைந்ததும் எதிரே ஆளுயரப் படம். மாளிகையைக் கட்டியவராம். தங்கப் பொத்தான் வைத்த கோட்டு, கையில் தடி, முகத்துக்கு நடுவே குடமிளகாய் மாதிரி ஒரு மூக்கு. பேக்கரிக்காரர் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். அதே குடமிளகாய்! கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது.

“பாருங்க, எங்க குடும்ப மூக்கு!” என்று கத்தினார்.

“மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு” என்ற அந்த அம்மா, கணவர் பக்கம் திரும்பினார். “என்னங்க, நீங்க டிராயிங் மாஸ்டர்தானே? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

மாஸ்டர் அதிகம் பேசாத மனிதர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நீட்டிப் படத்தை அளந்தார். அப்புறம் பேக்கரிக்காரரை அளந்தார். மறுபடியும் படத்தை.

பேக்கரிக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மகளும் பையனும் தள்ளி நின்று ஒரே ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாவி, பிள்ளைகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

“படம் நூறு வருஷத்துக்குக் குறையாது” என்றார் மாஸ்டர். “மூக்கு அச்சு அசல் நம்ம சம்பந்தி மூக்கு. சந்தேகமே இல்லை.”

பேக்கரிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொழுப்பும் வந்தது. ‘இவரெல்லாம் டிராயிங் மாஸ்டராம்! இவர்கிட்ட படிச்ச பிள்ளைங்க உருப்பட்ட மாதிரிதான்’ என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. “இந்தப் படியிலதான் எங்க தாத்தா விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டாரு!” மனைவி இடுப்பில் கிள்ளியும் அடங்கவில்லை.

எல்லாரும் தோட்டத்துக்கு இறங்கினார்கள். “இந்த ரோஜாச் செடியெல்லாம்கூட...” என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாத்தியில் குனிந்திருந்த தோட்டக்காரர் நிமிர்ந்தார். அதே முகம். அதே மூக்கு. கோட்டு மட்டும்தான் இல்லை!

நல்லவேளை, பின்னால் வந்த மாஸ்டர், “இங்க வா, குளத்துல அல்லி பூத்திருக்கு பாரு” என்று மனைவியின் கையைப் பிடித்து வேறு பக்கம் கூட்டிப் போய்விட்டார்.

பேக்கரிக்காரர் தோட்டக்காரரைப் புதர் மறைவுக்கு இழுத்தார். “ஐயா, நீங்கதான் இந்த வீட்டு நிஜ வாரிசா?”

“நானா? நல்லாக் கேட்டீங்க. நீங்கதான் வாரிசுன்னு கூடத்துல கத்தினது தோட்டம் வரைக்கும் கேட்டுச்சே! வீட்டு மனுஷர்கிட்ட மறைக்கக் கூடாது, சொல்லிடறேன். பழைய படத்தைக் கரையான் தின்னுடுச்சுங்க. அந்த முகம் எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியலை. அதனால எனக்குக் கோட்டை மாட்டி நிக்க வெச்சுப் புதுசா வரைஞ்சாங்க. போன வருஷம்தான். வெளியில தெரிஞ்சா கூட்டம் வராதுன்னு, பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடக் கூடாதுன்னு வரைஞ்சவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க.”

“வரைஞ்சது யாரு?”

“அதோ, அந்த அம்மாவை இந்தப் பக்கம் திரும்பவே விடாம குளத்தைக் காட்டிப் பேசிக்கிட்டிருக்காரே... அவருதாங்க.”